தங்கச்சிமடத்தில் வடகடல் ஓரம் வீடு: புயலில் கடல் ஏறினால் இருப்பதா, கிளம்புவதா?

தங்கச்சிமடத்தான் (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு இராமேசுவரம் தீவில், தங்கச்சிமடத்தில் வடகடல் பக்கம், கரையிலிருந்து ஏறத்தாழ முந்நூறு அடி தள்ளி இருக்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அப்பா கட்டிய காங்கிரீட் வீடு, ஒரே தளம், மொட்டை மாடிக்கு வெளிப்புறமாகப் படி உண்டு. ஐப்பசி பிறந்துவிட்டால் வீட்டில் ஒரே வழக்குதான். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தியில் சொன்னவுடன் அப்பத்தா ரேஷன் அட்டையையும் சுருக்குப்பையையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். பரமக்குடியில் இருக்கும் அத்தை வீட்டில் கொண்டுபோய் விடச் சொல்கிறார். அப்பாவோ, "பறந்து போவதற்கு இது என்ன ஓலைக் குடிசையா?" என்று கேட்டுவிட்டுப் படகைப் பார்க்கப் போய்விடுகிறார்.

அப்பத்தா தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964-இல் புயலில் கடல் ஏறி அந்த ஊரை அழித்தபோது அவருக்குப் பதினாறு வயது. அதனாலேயே அவருடைய அச்சத்தைப் பழைய நினைவு என்று நாங்கள் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் அவர் இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூடக் காற்றைப் பற்றிப் பேசியதில்லை, எப்போதும் தண்ணீரைப் பற்றியே பேசுகிறார் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. காங்கிரீட் வீடு தண்ணீருக்கும் தாங்குமா, எந்த அறிகுறியைப் பார்த்துக் கிளம்புவது என்று தெரிந்தவர்கள் விளக்கினால் வீட்டுச் சண்டை ஒரு முடிவுக்கு வரும்.

மண்டபம் வாத்தியார்

தம்பி, உங்கள் அப்பத்தா எதற்கு அஞ்ச வேண்டுமோ அதற்குத்தான் அஞ்சுகிறார். புயல் வரும்போது கடல் மட்டமே உயர்ந்து நிலத்தின்மேல் வருவதைப் புயல் நீரெழுச்சி என்று எழுதுகிறார்கள். நம் கரையில் கடல் ஏறிவிட்டது என்று சொன்னாலே எல்லோருக்கும் புரியும். இதை அலையோடு குழப்பிக்கொள்வதுதான் முதல் தவறு. அலை வந்து திரும்பிவிடும். ஏறிய கடலோ சில மணி நேரம் அங்கேயே நிற்கும், அதன் முதுகில்தான் அலைகள் தனியாக வந்து மோதும்.

இது இரண்டு காரணங்களால் ஏற்படுகிறது. புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவதால் கடல் சற்றே மேலெழும். ஒரு மில்லிபார் குறைந்தால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் என்பது கணக்கு. 1010 மில்லிபார் 970-ஆகச் சரிந்தாலும் நாற்பது சென்டிமீட்டர்தான். மீதி முழுவதும் காற்றின் வேலை. காற்றின் வேகம் இரு மடங்கானால் அது கடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. ஆழமான கடலாக இருந்தால் தள்ளப்பட்ட நீர் அடிவழியாகத் திரும்பிப் போய்விடும். ஆழமில்லாத கடலில் திரும்ப வழியில்லாமல் கரையில் குவியும். தாம்பாளத்து நீரை ஊதினால் மறுவிளிம்பில் வழிகிறது, குடத்து நீரை ஊதினால் வழிவதில்லை அல்லவா? நம் வடகடல், அதாவது பாக் விரிகுடா, ஒரு தாம்பாளம். அதன் பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. தென்கடலான மன்னார் வளைகுடா கரையை விட்டு விலகினால் ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழம் கொண்டது. அப்பாவிகள் அடக்கமானது என்று பெண்கடல் எனப் பெயரிட்டு நம்பியிருக்கும் வடகடல்தான் இந்த ஒரு விஷயத்தில் அதிகம் ஏறக்கூடியது.

காங்கிரீட் பற்றிக் கேட்டீர்கள். சுவர் காற்றைத் தாங்கும் என்பதில் உங்கள் அப்பா சொல்வது சரி. ஆனால் ஒரு கன மீட்டர் நீரின் எடை ஒரு டன். அது அலையாக வந்து மோதுவதைவிட, திரும்பிப் போகும்போது அடித்தளத்து மணலை மூலையிலிருந்து அரித்துக்கொண்டு போவதுதான் தீவில் உள்ள வீடுகளுக்குப் பெரிய ஆபத்து. 1964 டிசம்பர் 22 இரவு 11.55 மணிக்குப் பாம்பனிலிருந்து கிளம்பிய ரயில் ஆறு பெட்டிகளோடு தனுஷ்கோடிக்கு அருகே போனதை யோசித்துப் பாருங்கள். பதிவேட்டின்படி 110 பயணிகளும் 5 ஊழியர்களும் அதில் இருந்தார்கள், ஒருவரும் மீளவில்லை. அந்த எடையைப் புரட்டி மூழ்கடித்தது தண்ணீர்தான். 1970-இல் வங்கத்தின் போலா புயலில் மூன்று லட்சம் பேருக்குக் குறையாமல் இறந்ததும், 1977-இல் ஆந்திரத்தின் திவிசீமையில் ஆயிரக்கணக்கானோர் இறந்ததும் பெரும்பாலும் கடல் ஏறியதால்தான்.

பரமக்குடி வாசகர்

வாத்தியார் ஐயா எழுதியது பயனுள்ளது. ஆனாலும் இராமநாதபுரம் கரைக்கு நாகப்பட்டினம், கடலூர் அளவுக்கு ஆபத்து இல்லை என்று நினைக்கிறேன். குறுக்கே இலங்கை நிற்கிறது. வங்கக் கடலில் வரும் புயல் முதலில் அங்கே மோதி வலுவிழந்துதானே நம்மிடம் வர வேண்டும்? வீண் பீதியைக் கிளப்ப வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

தொண்டிக் கரை

பரமக்குடி அண்ணன் சொல்லும் நம்பிக்கை எங்கள் ஊரிலும் பலருக்கு உண்டு. என் தகப்பனாருக்கும் இருந்தது. ஆனால் 1964-இல் வந்த புயல் இலங்கையின் வவுனியா வழியாகத் தரையைக் கடந்து வந்த பிறகுதான் அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. 1978 நவம்பர் 23-ஆம் தேதி மட்டக்களப்பைச் சிதைத்த புயலும் அப்படித்தான் தீவைக் கடந்து, மறுநாள் மாலை கீழக்கரைக்கும் ரோச்மாநகருக்கும் இடையே நம் மாவட்டத்திலேயே கரையேறியது. 2020-இல் வந்த புரெவி மட்டும் அண்ணன் சொன்னபடி வலுவிழந்து, மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்று மழையாகப் பெய்து தீர்த்தது. வட இலங்கை தாழ்ந்த, சமதளமான நிலம். புயல் அதைக் கடக்கச் சில மணி நேரம் போதும். சில புயல்கள் அதில் தளர்கின்றன, சில தளர்வதில்லை. எது எப்படி என்று கடந்த பிறகுதான் தெரியும். அதற்குப் பிறகு நமக்குக் கிடைப்பதோ அரைநாள் அவகாசம்.

2018 கஜா இரவில் நான் பார்த்ததையும் எழுதிவிடுகிறேன். அந்தப் புயல் எங்களுக்கு வடக்கே வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. எங்கள் தெருவில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி, கச்சான் திசையிலிருந்து, அதாவது மேற்கிலிருந்து, வீசியது. விடியும் முன் போய்ப் பார்த்தால் கடல் பின்வாங்கி, நங்கூரமிட்ட வள்ளங்கள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. சிறுவர்கள் டார்ச் விளக்கோடு உள்ளே இறங்கினார்கள். சிலர் சுனாமி வருகிறது என்று ஓடினார்கள். இரண்டுமே தவறு என்று பிறகுதான் விளங்கியது. காற்று தள்ளிக்கொண்டு போன நீர் காற்று அடங்கியதும் அல்லது திரும்பியதும் தன் இடத்துக்கு வரும். அப்போது உள்ளே நிற்பவருக்கு ஓட நேரம் இருக்காது.

பாம்பன் பாலத்தடி

தொண்டி நண்பர் திசையைப் பற்றிச் சொன்னதால் கூண்டைப் பற்றி எழுதத் தோன்றுகிறது. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைப் பெரும்பாலோர் பரீட்சை மதிப்பெண் போலப் படிக்கிறார்கள். ஐந்தாம் எண்ணைவிட ஆறாம் எண் பெரிய ஆபத்து என்று நினைக்கிறார்கள். செய்தித்தாள்களும் 'உயர்த்தப்பட்டது' என்றே எழுதுகின்றன. உண்மையில் ஐந்து என்றால் புயல் துறைமுகத்தைத் தன் பாதையின் இடப்புறம் விட்டுக் கரை கடக்கும். ஆறு என்றால் வலப்புறம் விட்டுக் கடக்கும். ஏழு என்றால் துறைமுகத்தின் மேலாகவோ மிக அருகிலோ கடக்கும். எட்டு, ஒன்பது, பத்து ஆகியவை தீவிரப் புயலுக்கு இதே மூன்று பொருளை இதே வரிசையில் சொல்கின்றன. பதினொன்று என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

ஆகவே ஐந்துக்கும் ஆறுக்கும் உள்ள வேறுபாடு பக்கம்தான், பலமன்று. பகலில் கூண்டாகவும் இரவில் விளக்காகவும் நம் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும் இந்தச் செய்தியைப் படிக்கத் தெரியாமல், 'எத்தனை நம்பர் ஏற்றியிருக்கிறார்கள்' என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறோம். எந்தப் பக்கம் என்றால் எந்தக் கரைக்கு ஆபத்து என்பதை வாத்தியார்தான் விளக்க வேண்டும்.

மண்டபம் வாத்தியார்

கூண்டு எண்ணை இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி. என் வகுப்பிலும் இனி இதைச் சொல்லப் போகிறேன்.

நம் பக்கத்துப் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்கின்றன. கிழக்கிலிருந்து மேற்காக நகரும் புயலின் முன்பக்கம் வாடை (வடக்கிலிருந்து வரும் காற்று) அடிக்கும், பின்பக்கம் சோழகம் (தெற்கிலிருந்து வருவது) அடிக்கும். அதன் வலக்கைப் பக்கம் வடக்கு. அங்கே கொண்டல் (கிழக்குக் காற்று), கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். இடக்கைப் பக்கம் தெற்கு. அங்கே கச்சான், நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கிழக்கைப் பார்த்த நேரான கரைக்கு இந்தப் பாடம் போதும். நமக்குப் போதாது, ஏனென்றால் நம் தீவுக்கு வடக்கேயும் கரை இருக்கிறது, தெற்கேயும் கரை இருக்கிறது.

புயலின் மையம் நமக்குத் தெற்கே, மன்னார் வளைகுடா வழியாகப் போவதாக வைத்துக்கொள்வோம். தங்கச்சிமடத்தில் காற்று வாடையில் தொடங்கி, கொண்டலுக்குத் திரும்பி, சோழகத்தில் முடியும். அதாவது மையம் நெருங்கி வரும் நேரத்தின் பெரும்பகுதியும் காற்று பாக் விரிகுடாவின் நீரைத் தெற்கே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த விரிகுடாவின் தென்கோடியில் மண்டபமும் நம் தீவும் ஆதம் பாலத்து மணல்திட்டுகளும் வரப்புப் போலக் கிடக்கின்றன. நீர் அந்த வரப்பில்தான் குவியும். அதே நேரம் தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டிக் கரைகளும் கொண்டலை நேரே வாங்கும். காரங்காடு, முள்ளிமுனைப் பக்கம் அலையாத்திக் காடு இருப்பதால் அலையின் வேகம் அங்கே ஓரளவு குறையலாம். நீர்மட்டம் ஏறுவதை அது முழுக்கத் தடுக்காது.

மையம் வடக்கே போனால் நிலைமை தலைகீழ்: வாடையிலிருந்து கச்சானுக்கும் பிறகு சோழகத்துக்கும் காற்று திரும்பும். வடகடல் பின்வாங்கும், தென்கடல் கரைக்கு வேலை வரும். தலைக்கு மேலாகவே போனால் இரண்டும் அடுத்தடுத்து நிகழும். நடுவில் புயலின் கண் (மையப் பகுதி) கடக்கும்போது காற்று அடங்கி வானம் தெளியக்கூடும். முடிந்துவிட்டது என்று வெளியே வந்தவர்கள் எதிர்த்திசைக் காற்றில் அகப்படுவார்கள். தனுஷ்கோடி போன்ற ஒடுங்கிய மணல்முனைக்கு இரு கடலும் சேர்ந்தே பகையாகிவிட்டன.

ஆகவே தொலைக்காட்சியில் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதற்கு முன், மையம் நமக்கு எந்தப் பக்கம் கடக்கும் என்று கேளுங்கள். வேகம் குறைந்த புயல்கூட, தவறான பக்கமாக மெதுவாகப் போனால், நெடுநேரம் நீரைத் தள்ளிவிடும்.

கீழக்கரை மருமகள்

நான் தென்கடல் பக்கத்தவள். எங்களுக்கு முன்னால் தீவுகளும் பவளப்பாறைகளும் இருப்பதால் அலை உடைந்து வருகிறது என்பது உண்மை. அதை நம்பிக் கரையோரம் வீடு கட்டியவர்களும் உண்டு. புயலே இல்லாத நாளில் கள்ளக்கடல் வந்து தெருவை நனைத்ததையும் பார்த்திருக்கிறோம். அது தொலைவில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எழுந்து வரும் அலை, நீங்கள் பேசும் விஷயம் அன்று. இரண்டுக்கும் ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையமே எச்சரிக்கை தருவதால் மக்கள் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள்.

நான் எழுத வந்தது தண்ணீர் இறங்கிய பின் நடப்பதைப் பற்றி. நம் கரையில் மணலுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர், பாலின் மேல் ஆடை போல, கீழே உள்ள உப்பு நீரின்மேல் மெல்லியதாக மிதந்துகொண்டிருக்கிறது. கடல் ஒருமுறை கிணற்றுக்குள் புகுந்துவிட்டால் எல்லோரும் செய்வது மோட்டார் வைத்து முழுவதையும் இறைப்பது. அப்படி விடாமல் இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு நீர் மேலேறி, ஆடையும் கிழிந்துவிடும். குப்பையையும் சேற்றையும் எடுத்துவிட்டு, அளவாக இறைத்து, அடுத்தடுத்த மழையை இறங்கவிட்டால்தான் கிணறு தேறும். ஊருணிக்கும் கரையை உயர்த்தி வைப்பதே முன்வேலை. உப்பு ஏறிய பின் செய்ய அதிகமில்லை. ஆகவே குடிதண்ணீரை மூடியுள்ள குடங்களில் பிடித்து மாடியில் வையுங்கள். கீழே வைத்தால் குடமே மிதந்து போகும்.

தண்ணீர் வீட்டுக்குள் வரும் முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும்; உப்பு நீர் பட்ட சுவிட்சுகளையும் மோட்டாரையும் எலக்ட்ரீசியன் பார்க்காமல் போடக் கூடாது. பாம்புகள் உயரமான இடத்தைத் தேடி நம் பரண் வரைக்கும் வரும். இன்னொன்று, பெண்கள் எழுதினால்தான் எழுதப்படும்: போகப்போகும் பாதுகாப்பு மையத்தில் கழிப்பறை இருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது என்று மழைக்கு முன்பே கேட்டு வையுங்கள். ஒருமுறை இரவில் கைக்குழந்தையோடு பூட்டிய கதவின் முன் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன். அதன் பிறகு எங்கள் தெருப் பெண்கள் புரட்டாசியிலேயே போய்ச் சாவிக்காரரைப் பார்த்துவிட்டு வருகிறோம்.

பரமக்குடி வாசகர்

1978 கணக்கு எனக்குத் தெரியாது. என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். தங்கச்சிமடத்துத் தம்பியின் அப்பத்தாவுக்கு அத்தை வீடு இல்லாவிட்டாலும் எங்கள் வீடு இருக்கிறது என்று சொல்லுங்கள்.

தங்கச்சிமடத்தான்

எல்லோருக்கும் நன்றி. இவற்றை அப்பத்தாவிடம் படித்துக் காட்டினேன். வாடை தள்ளும், பிறகு சோழகம் தள்ளும் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, அவராகவே பேசினார். அன்றிரவு முதலில் வடகடல்தான் வந்ததாம். அலை போல இரைச்சலோடு வரவில்லை. கருவாட்டுக் கொட்டகையில் படுத்திருந்தவர்களின் முதுகை நனைத்துக்கொண்டு வந்ததாம். அவருடைய தகப்பனார் பிள்ளைகளை மணல்மேட்டில் ஏற்றிவிட்டு, வலையை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு இறங்கினார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தார்.

மறுநாள் கொத்தனார் ஒருவரிடம் டியூப் மட்டம் (நீர் நிரப்பி இரு முனையிலும் மட்டம் பார்க்கும் குழாய்) இரவல் வாங்கி, கடற்கரையில் கடல்புல் ஒதுங்கிக் கிடக்கும் ஏற்றக் கோட்டிலிருந்து எங்கள் வாசற்படி வரை, துண்டுதுண்டாக அளந்து கூட்டினோம். படி அந்தக் கோட்டைவிட ஒரு மீட்டர் முப்பத்தைந்து சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இதை வைத்து என்ன முடிவு செய்வது?

மண்டபம் வாத்தியார்

மிக நல்ல காரியம் செய்தீர்கள். இனி அறிவிப்பை உங்கள் வீட்டுக் கணக்கில் படிக்க முடியும். வானிலைத் துறை 'ஒரு மீட்டர் உயரத்துக்குக் கடல் எழும்' என்று சொன்னால், அது அந்நேரத்து இயல்பான ஏற்ற இறக்க நீர்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் என்று பொருள். அது ஏற்ற நேரத்தில் வந்தால் உங்களுக்கு முப்பத்தைந்து சென்டிமீட்டர்தான் மிச்சம்; அலைகள் அந்த ஒரு மீட்டரில் சேரவில்லை, மழைநீர் வடிய வழியில்லாமல் தேங்குவதும் சேரவில்லை. 2024 நவம்பர் 20 அன்று புயலே இல்லாமல் இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே என்னைக் கேட்டால், மையம் நமக்குத் தெற்கே கடக்கும் என்றும் அரை மீட்டருக்கு மேல் எழுச்சி என்றும் அறிவித்தால் உங்கள் வீட்டார் அனைவரும் கிளம்பிவிட வேண்டும். மொட்டை மாடி கடைசிப் புகலிடம், கிளம்பத் தவறியவர்களுக்கானது.

எப்போது கிளம்புவது என்பது எவ்வளவு உயரம் என்பதைவிட முக்கியம். தீவிலிருந்து வெளியேற ஒரு சாலைப் பாலமும் ஒரு ரயில் பாலமும்தான். 2022 வரை வண்டி ஓடிய பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டியை நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. சாலையில் மட்டும் அந்தக் காற்றில் பேருந்து நிம்மதியாகப் போகுமா? முதல்நாள் பகலிலேயே பாலத்தைத் தாண்டிவிடுங்கள். படகைக் குந்துகால் பக்கமோ பாம்பன் பக்கமோ எங்கே கட்டுவது என்பதையும் அன்றே முடித்துவிட வேண்டும்; காற்று ஏறிய பிறகு நங்கூரக் கயிற்றைப் பார்க்கப் போகும் ஆண்களைத்தான் கடல் அதிகம் கொண்டுபோகிறது. போய்த் தங்கும் பாதுகாப்பு மையம் எது என்று தெரியாவிட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணில் கேளுங்கள்.

தங்கச்சிமடத்தான்

அப்பா நேற்று டியூப்பை வாங்கிக்கொண்டு போய் அவராகவே ஒருமுறை அளந்தார். அவருக்கு நான்கு சென்டிமீட்டர் குறைவாக வந்தது. அந்த எண்ணையே வைத்துக்கொள்வோம் என்று முடிவாகியிருக்கிறது. அரை மீட்டர் என்ற எல்லைக்கும் ஒப்புக்கொண்டார். படகுக் கயிற்றைப் பற்றி மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை. அளவு எழுதிய தாளை அப்பத்தா மடித்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார்.

தொண்டிக் கரை

டியூப்புக்குள் காற்றுக் குமிழி நின்றிருந்தால் அந்த நான்கு சென்டிமீட்டர் வேறுபாடு வரும். நீரில் கொஞ்சம் மஞ்சள்பொடி கரைத்து ஊற்றினால் மட்டமும் குமிழியும் தெளிவாகத் தெரியும். வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடுகளுக்கு அளக்கப் போகிறோம். டியூப் எத்தனை அடி நீளம் வேண்டியிருந்தது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

தங்கச்சிமடத்தான்

ஐம்பது அடி. முந்நூறு அடிக்கு ஏழு முறை மாற்றிப் பிடித்தோம்.